ஆயிரத்து இருநூறு முட்டையும் ஒரு மாமியாரும்

கிளெமான்ஸ் விண்ணப்பத்தில் எழுதிய பொய் மொத்தம் ஒன்றரை வரிதான்.

'இந்தக் கார் எதற்காகத் தேவை' என்று படிவத்தில் கேட்டிருந்தது. முதலில் 'முட்டை' என்று எழுதினாள். அது உண்மை. தென் பிரான்ஸில் லாயோலைச் சுற்றியுள்ள பன்னிரண்டு ஊர்களில் பண்ணை பண்ணையாக ஏறி இறங்கி முட்டையும் வெண்ணெயும் வாங்கி, வெள்ளிக்கிழமை எஸ்பலியோன் சந்தையில் விற்பது அவள் தொழில். கோவேறு கழுதை பூட்டிய இரட்டைச் சக்கர வண்டியில் பதினைந்து வருஷமாக அந்தப் பாதையில் போய் வருகிறாள். மலைப்பாதையில் வண்டி குலுங்குகிற குலுங்கலில் வாரத்துக்கு முப்பது நாற்பது முட்டை உடைந்து வைக்கோலோடு ஒட்டிக்கொண்டு போகும்.

எழுதிவிட்டுப் பார்த்தால் அந்த ஒற்றைச் சொல் தனியாக நின்றது. இதைப் படித்து யாருக்கு மனசு இளகும் என்று தோன்றியது. பேனாவை மையில் தொட்டு, 'படுத்த படுக்கையாக இருக்கும் என் மாமியாரை வாரம் ஒருமுறை ரொதேஸ் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகவும்' என்று சேர்த்தாள்.

அவள் அதை எழுதிய நேரத்தில் மாமியார் ஒனோரின் வீட்டுக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தாள். வயது அறுபத்தெட்டு. ஒரு பல் போயிருந்தது. வேறு குறை கிடையாது.

இது 1951 மார்ச்சில். கார் பாரிஸ் கண்காட்சிக்கு வந்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. வரிக் கணக்கில் அதன் எஞ்சினுக்கு இரண்டு குதிரைச் சக்திதான். அதனால் ஜனங்கள் அதை 'இரண்டு குதிரை' என்றே சொன்னார்கள். கண்காட்சியில் பார்த்தவர்கள் சிரித்தார்களாம். ஒரே நிறம், சாம்பல். கூரை இருக்கவேண்டிய இடத்தில் சுருட்டி வைக்கிற கித்தான் துணி. இருக்கைகள் இரும்புக் குழாயில் ரப்பர் பட்டைகளை மாட்டித் துணி போர்த்தியவை. டப்பா திறக்கிற கருவியும் கூடத் தருவார்களா என்று யாரோ கேட்டதாகப் பத்திரிகையில் வந்தது. சிரித்தவர்கள் சிரித்தபடியே போய்ப் பெயரையும் பதிந்துவைத்தார்கள். இப்போது பதிந்தால் கிடைக்க ஐந்து வருஷம், ஆறு வருஷம் ஆகும் என்ற நிலை. டாக்டர், கால்நடை வைத்தியர், மருத்துவச்சி, பாதிரியார் ஆகியோருக்கு முதலிடம். முட்டைக்காரிகள் அந்த வரிசையில் எங்கே என்று யாரும் சொல்லவில்லை.

எஸ்பலியோனில் கார் விற்கிற தெல்ரியூ அவளிடம் ஒரு விஷயம் சொல்லியிருந்தார்.

"இந்த வண்டியச் செய்யச் சொன்ன முதலாளி இஞ்சினியர்கள்கிட்ட என்ன கேட்டாராம் தெரியுமா மதாம்? கட்டைச் செருப்பு போட்ட ரெண்டு விவசாயி, அம்பது கிலோ உருளைக்கிழங்கு, ஒரு கூடை முட்டை. இதையெல்லாம் ஏத்திக்கிட்டு உழுத வயல்ல குறுக்க ஓடணும், ஒரு முட்டை உடையக்கூடாது. சண்டை வந்ததும் ஜெர்மன்காரன் கண்ணுல படக்கூடாதுன்னு மாதிரி வண்டிகள ஒளிச்சு வச்சாங்க. பத்து வருஷம் மெனக்கெட்டுச் செஞ்சது."

"நான் ஆயிரத்து இருநூறு முட்டை ஏத்துவேன் முசியே. ஒரு கூடை இல்ல."

"அப்ப நீங்கதான் சோதிச்சுச் சொல்லணும்."

கடனுக்கோ பெரிய செலவுக்கோ வீட்டு ஆண் கையெழுத்து போடவேண்டும். கணவன் ஃபிர்மேன் படிவத்தைப் படிக்காமலே போட்டான். ஐந்து வருஷம் ஜெர்மனியில் கைதியாக ஒரு பண்ணையில் மாடு மேய்த்துவிட்டு வந்தவன். வந்த நாளிலிருந்து எதையும் அவசரமாக நினைப்பதில்லை.

"அந்த மழைக்குடைக்கு நாலு சக்கரம் வச்சதத்தானே கேக்குற? வரட்டும். வர்றப்போ நமக்கு அம்பது வயசு ஆயிருக்கும்" என்றான்.

ஆனால் அக்டோபரில் கடிதம் வந்தது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது, அடுத்த மூன்று வாரத்துக்குள் ஒருவர் நேரில் வந்து தேவையை உறுதிசெய்வார் என்று. எந்த நாள் என்று போடவில்லை.

கிளெமான்ஸ் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாமியார் முன்னால் போய் நின்றாள். ஒனோரின் பன்றித் தொழுவத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நீங்க கொஞ்சம் படுக்கணும்."

"எதுக்கு?"

"உங்களுக்கு உடம்பு சரியில்ல."

"யார் சொன்னது?"

"நான் எழுதிக் குடுத்திருக்கேன்."

ஒனோரின் வாளியைக் கீழே வைத்தாள். முழுக்கதையையும் கேட்டாள். கோபப்படுவாள் என்று கிளெமான்ஸ் எதிர்பார்த்தாள். அவள் கேட்டது இரண்டே கேள்வி.

"சூப்பு யாரு வைப்பா?"

"நான்."

"பன்னி?"

"ஃபிர்மேன் பாத்துக்குவான்."

"அவனா?" என்றாள் ஒனோரின். அந்த ஒரு காரணத்துக்காகவே ஒப்புக்கொண்டது போலத் தெரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தாள்.

பதினாறு நாள் ஒருவரும் வரவில்லை. ஒனோரின் காலை எட்டு மணிக்குப் படுத்தால் பொழுது சாயும்போது எழுந்திருப்பாள். முதல் நான்கு நாள் கட்டிலிலிருந்தே வீட்டை ஆண்டாள். சூப்பில் முட்டைக்கோஸ் வேகவில்லை என்றாள், கதவு கிறீச்சிடுகிறது என்றாள். அப்புறம் மெல்ல மெல்லப் பேச்சு குறைந்தது. கிளெமான்ஸ் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் மாமியார் கண்ணைத் திறந்தபடி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கிழவிக்கு நிஜமாகவே ஏதாவது வந்துவிட்டதோ என்று மருமகளுக்குப் பயம் தட்டியது.

பதினேழாம் நாள் கரேல் என்கிற ஓர் ஒல்லியான மனிதர் வந்தார். அவருடைய கார் ஊருக்கு வெளியே சேற்றில் மாட்டிக்கொண்டதால் முழங்கால்வரை சகதியோடு நடந்தே வந்திருந்தார். வண்டி தேவை என்பதை அந்தப் பாதையே பாதி நிரூபித்துவிட்டது. மீதிக்காகக் கட்டில் பக்கம் போய்த் தொப்பியைக் கழற்றினார்.

"உங்களுக்கு என்ன செய்யுது மதாம்?"

கால் வலி என்று சொல்லச் சொல்லியிருந்தாள் கிளெமான்ஸ். ஒனோரின் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்கு இருக்கறது ஆம்பளைக்கிட்டச் சொல்ற வியாதி இல்ல."

கரேலின் காது சிவந்தது. எதையோ குறித்துக்கொண்டு, ரொட்டியும் சீஸும் ஒரு குவளை ஒயினும் சாப்பிட்டு, ஃபிர்மேனின் கோவேறு கழுதை அவர் காரைச் சேற்றிலிருந்து இழுத்துவிட்ட பிறகு நன்றி சொல்லிக் கிளம்பிப்போனார்.

அடுத்த ஜூனில் கார் வந்தது.

கிளெமான்ஸ் ரொதேஸுக்குப் பஸ்ஸில் போய் ஓட்டுநர் உரிமம் எடுத்திருந்தாள். எஸ்பலியோனிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். திருப்பங்களில் அது ஒரு பக்கமாகச் சாய்வதைப் பார்த்தால் கவிழ்ந்துவிடும் போல இருக்கும், கவிழாது. முழுச் சக்கரமும் பள்ளத்தில் இறங்கும்; மேலே உட்கார்ந்திருப்பவருக்குப் படகில் போவது போலத்தான் தெரியும். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத் தொட்டிக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்க்கவேண்டும். பின்னிருக்கையைக் கழற்றி வீட்டு வாசலில் போட்டுவிட்டு, முதல் வாரமே ஆயிரத்து இருநூறு முட்டை ஏற்றினாள். மூன்று உடைந்திருந்தது. அதில் ஒன்று அவளே கைதவறிப் போட்டது.

ஃபிர்மேன் வண்டியைச் சுற்றி வந்தான். எஞ்சின் மூடியை முஷ்டியால் தட்டினான்.

"சார்டீன் மீனுக்குக் கூட இதவிட நல்ல தகரம் போடுவான்" என்றான். அதில் ஏறமாட்டேன் என்றான். ஏறவும் இல்லை.

ஆனால் பொய்க்கு வாரம் ஒருமுறை தீனி போடவேண்டியிருந்தது. எதிர்ப் பண்ணை பெஸ்ஸியேரும் அந்தக் காருக்குப் பதிந்து காத்திருந்தவன். இவர்களுக்கு எட்டு மாதம் முன்னாலேயே பதிந்தவன். அவன் வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டான்.

"நோயாளிக்கு வண்டி வந்தாச்சு. நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"வியாழக்கிழமை போறோம்" என்றாள் கிளெமான்ஸ்.

அப்படித்தான் வியாழக்கிழமைகள் ஆரம்பித்தன. ஒனோரின் கறுப்புச் சால்வையைப் போர்த்தி, மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்து முன்னிருக்கையில் ஏறுவாள். ஊர் எல்லை தாண்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்து ஜன்னலின் கீழ்ப்பாதியை மேல்பக்கமாக மடக்கிவிட்டு முழங்கையை வெளியே வைப்பாள். இரண்டு வியாழன் ரொதேஸுக்குப் போய் மாதா கோயிலைப் பார்த்து, காப்பி குடித்துவிட்டுத் திரும்பினார்கள். மூன்றாவது வியாழன், சாலை பிரிகிற கல்சிலுவை அருகே ஒனோரின் சொன்னாள்:

"வலப்பக்கம் போகாத. மேல போ."

"மேல எங்க அத்தை? அது ஒப்ராக் மலைக்குப் போற ரோடு."

"தெரியும். நாஸ்பினல் தாண்டி ஒரு வீடு இருக்கு. என் தங்கச்சி வீடு."

கல்யாணமாகி வந்த பதினெட்டு வருஷத்தில் மாமியாருக்கு ஒரு தங்கை இருப்பதாகக் கிளெமான்ஸ் கேள்விப்பட்டதில்லை. ஸ்டியரிங்கை மேல்பக்கம் திருப்பினாள். மேட்டில் ஏற ஏற மரங்கள் நின்றுபோய்ப் புல்வெளி மட்டுமானது. தேன் நிற மாடுகள் தலைதூக்கிப் பார்த்தன. முப்பத்திரண்டு கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே ஆனது.

வீட்டுக்கு எதிரே, சாலைக்கு இந்தப் பக்கம், வண்டியை நிறுத்தச் சொன்னாள் ஒனோரின். இறங்கவில்லை. தோட்டத்தில் உயரமான ஒரு கிழவி முட்டைக்கோஸுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் அவளையே பார்த்துவிட்டு, "போதும், திருப்பு" என்றாள்.

அடுத்த வாரமும் அதேதான். அதற்கடுத்த வாரம் அந்தக் கிழவி, யூலாலி, மண்வெட்டியோடு சாலையைக் கடந்து வந்து ஜன்னலுக்குள் குனிந்தாள்.

"மூணு வாரமா ஒரு தகர வாளி வந்து என் வாசல்ல நிக்குதேன்னு பாத்தேன். நீதானா?"

"நான்தான்."

"உன் தலையெல்லாம் நரைச்சுப்போச்சு."

"உனக்கு மட்டும் என்ன வாழுது?"

"முப்பத்தோரு வருஷத்துக்கு அப்புறம் இதச் சொல்லத்தான் வந்தியா?"

"நான் ஒண்ணும் சொல்ல வரல. பாக்க வந்தேன்."

"பாத்தாச்சில்ல" என்று சொல்லிவிட்டு யூலாலி திரும்பிப் போனாள். ஆனால் அடுத்த வியாழன் வண்டி வரும் நேரத்துக்கு அவள் வேலி ஓரம் நின்றிருந்தாள். அன்றிலிருந்து சண்டை வாரா வாரம் நடந்தது. ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே. நடுவில் பாதி ஜன்னல். கிளெமான்ஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆகஸ்டில்தான் விஷயம் வெளியே வந்தது.

"அம்மா சாகக் கெடந்தப்போ நீ வரல" என்றாள் யூலாலி.

"மலைமேல பனி. ரோடு மூடியிருந்துச்சு."

"ஏப்ரல்ல ரோடு தெறந்துட்டாங்க. அம்மா செத்தது ஜூன்ல."

"எங்க மாமனாரு கோவேறு கழுதைய விடமாட்டேன்னுட்டாரு. உழவு நேரம்னாரு."

"நடந்து வந்திருக்கலாம்."

"முப்பத்திரெண்டு கிலோமீட்டர், யூலாலி."

"எட்டு மாசம் அவ பீயும் மூத்திரமும் நான் அள்ளினேன். அது எத்தனை கிலோமீட்டர்?"

ஒனோரின் ஜன்னலை மூடக் கையைத் தூக்கினாள். அந்த ஜன்னல் கொக்கியிலிருந்து விடுபட்டால் தானே சடாரென்று விழும் வகை. யூலாலியின் விரல்கள்மேல் விழுந்தது. யூலாலி 'ஆ' என்றுகூடச் சொல்லாமல் கையை உருவிக்கொண்டு, உதறிக்கொண்டே வீட்டுக்குள் போனாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் கிளெமான்ஸுக்குக் காது மடல்கள் சூடாக இருந்தன. படுத்த படுக்கை என்று தான் படிவத்தில் எழுதியது எட்டு வினாடிகூட ஆகியிருக்காது என்று நினைத்துக்கொண்டாள். அப்படி ஓர் எழுத்துக்குப் பின்னால் எத்தனை வாளித் தண்ணீர், எத்தனை துணி என்று அவள் அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் எழுதியிருப்பாள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

அடுத்த வியாழன், போகவேண்டுமா என்று கேட்டாள். "வண்டிய எடு" என்றாள் ஒனோரின். வேலி ஓரம் யாருமில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மூன்றாவது வாரம் யூலாலி தொப்பியும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். பின்கதவைத் திறந்தாள். உள்ளே இருக்கை இல்லாததைப் பார்த்தாள். ஒரு முட்டைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். இரண்டு விரல்களில் நகம் கறுத்திருந்தது.

"கல்லறைக்குப் போம்மா" என்றாள் கிளெமான்ஸிடம். "அவளுக்கு எடம் தெரியாது. காட்டணும்."

கல்லறைத் தோட்டம் மூன்று கிலோமீட்டர். அக்காவும் தங்கையும் உள்ளே போனார்கள். கிளெமான்ஸ் சுவரோரம் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் இரண்டு கறுப்பு முதுகுகள் தெரிந்தன. யாரும் யாரையும் தொடவில்லை. யூலாலி குனிந்து புல்லைப் பிடுங்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒனோரின் மறுபக்கத்திலிருந்து பிடுங்கினாள்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் யூலாலி இறங்கியதும் ஒனோரினும் இறங்கினாள்.

"நான் இங்க இருக்கேன். நீ போ."

"எத்தனை நாளைக்கு அத்தை?"

"என்னக் கேட்டா? வியாழக்கிழமை என்னோட இன்னொரு பாவாடையக் கொண்டா."

ஃபிர்மேன் அன்று சாப்பிடவில்லை. அம்மா ஒரு ராத்திரிகூட வேறு வீட்டில் தங்கியதில்லை என்றான். உன் வண்டி இல்லாவிட்டால் இது நடக்குமா என்றான். நடந்திருக்காதுதான். பெஸ்ஸியேர் வேறு, நோயாளி எங்கே என்று இரண்டு தடவை கேட்டுவிட்டான். காற்று மாற்றத்துக்கு மலைமேல் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். பன்றியையும் கோழியையும் முட்டை தரம் பிரிப்பதையும் இதுவரை யார் செய்தார்கள் என்று வீட்டுக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்றாவது வியாழன் காலையில் ஃபிர்மேன் சவரம் செய்துகொண்டு வந்து காரின் பக்கம் நின்றான்.

"கதவு எந்தப் பக்கமாத் தெறக்கும்?"

"முன்பக்கமா."

அவன் முழங்கால் மோவாயைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்தான். மலை ஏறும்வரை இரண்டு கையாலும் இருக்கைக் குழாயைப் பிடித்திருந்தான்.

யூலாலியின் அடுப்பங்கரையில் இரண்டு கிழவிகளும் உருளைக்கிழங்கும் புதுச் சீஸும் சேர்த்து ஆளுக்கொரு முறை துடுப்பால் கிளறிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் கிளறவேண்டும் என்று அதற்கும் ஒரு தகராறு.

"அம்மா, வீட்டுக்கு வாங்க" என்றான் ஃபிர்மேன்.

"ஏன், சூப்பு வேகலையா?"

"அதுக்கில்ல. ஊர்ல ஒரு மாதிரியாப் பேசுறாங்க."

"பேசட்டும். என் வியாதி பெரிசுன்னு சொல்லு."

"நாங்க ஏதாவது தப்புப் பண்ணிட்டோமா?"

ஒனோரின் துடுப்பைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு மகனைப் பார்த்தாள்.

"ஒண்ணும் பண்ணல. உம்பொண்டாட்டி என்னப் பதினேழு நாள் படுக்கவச்சா. பொறந்ததுலேர்ந்து நான் பகல்ல படுத்ததில்ல ஃபிர்மேன். உன்னப் பெத்தப்போகூட மறுநாள் எந்திரிச்சு பால் கறந்தேன். சும்மா படுத்திருந்தா என்னென்னமோ வருது மனசுல. நம்மள யாரும் வந்து பாக்கலன்னா எப்படி இருக்கும்னு தோணிச்சு. எங்கம்மா எட்டு மாசம் இப்படித்தான் உத்தரத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்திருப்பான்னு தோணிச்சு." துடுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டே, "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள்.

சாப்பிட்டார்கள். திரும்பும்போது மேட்டில் மழை பிடித்தது. கித்தான் கூரையின் ஓரத்தில் ஒழுகியது. ஃபிர்மேன் தன் தொப்பியைக் கழற்றி ஒழுகுகிற இடத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டான். அதில் சேர்ந்த தண்ணீரை வெளியே கொட்டிவிட்டு, "இது நாள் முழுக்க ஓட்டினா எங்க வரைக்கும் போகும்?" என்றான்.

"எங்க போகணும்?"

"போகணும்னு இல்ல. கேட்டேன்."

அதற்கப்புறம் நான்கரை வருஷம் கிளெமான்ஸ் வியாழன்தோறும் மலையைக் கடந்தாள். வெறும் வண்டியாகத் திரும்புவானேன் என்று நாஸ்பினல் பக்கத்துப் பண்ணைகளிலும் முட்டை வாங்க ஆரம்பித்தாள். ஒனோரினும் யூலாலியும் அதை முன்கூட்டியே சேர்த்துத் தரம் பிரித்து வைப்பார்கள்; பழைய முட்டையைத் தள்ளிவிடப் பார்க்கிற பண்ணைக்காரிகளிடம் சண்டை போடும் வேலையை யூலாலி எடுத்துக்கொண்டாள். வாங்கும் முட்டை இரண்டாயிரத்தைத் தாண்டியது. பெஸ்ஸியேருக்கு 1955-இல் அவன் கார் வந்தது. அவனும் சாம்பல் நிறமே வாங்கினான். வேறு நிறம் இல்லை. அதற்குப் பிறகு அவன் நோயாளியைப் பற்றிக் கேட்கவில்லை.

யூலாலி 1957 ஜனவரியில் நெஞ்சுச்சளி கண்டு ஒன்பது நாள் கிடந்து இறந்தாள். ஒனோரின் உடன் இருந்தாள். ஃபிர்மேனும் கிளெமான்ஸும் அடக்கத்துக்குப் போனார்கள். இனியாவது வாருங்கள் என்று ஃபிர்மேன் சொன்னதற்கு, கோழிகளுக்கு ஒரு வழி பண்ணாமல் எப்படி வருவது என்றாள்.

ஏப்ரலில் ஒரு வியாழன் அவளே பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். கோழிகளை விற்றுவிட்டாள், மூன்றைத் தவிர. அவற்றைக் கால்கட்டி மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் ஏறினாள். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்துப் பண்ணையில் கொடுத்தாயிற்று என்றாள்.

"அத்தை, நொண்டணுமா?" என்று கேட்டாள் கிளெமான்ஸ், தங்கள் ஊர் எல்லை வந்ததும்.

"இப்ப நிஜமாவே கால் வலிக்குது" என்றாள் ஒனோரின். கோழிகள் மடியில் அசைந்தன. "மெதுவாப் போ. இதுங்களுக்குப் பழக்கமில்ல."